மரபும் நிலமும்: இறைச்சிக் கால்நடை ஆய்வும் தமிழ்ச் சொல்லாக்கமும்



இப்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் அகராதிக் கலையும் கேட்டுப் பழகிய அவை இது. இன்றோ, இறைச்சிக்கென வளர்க்கப்படும் மாடுகளை மேம்படுத்த அறிவியலார் செய்துள்ள ஆய்வுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மொழியியலுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் என்ன தொடர்பு என்னும் வினா எழுவது இயல்பே. எந்தக் காளையை வைத்துக்கொள்வது, எதனை விற்பது, எந்தக் கிடாரியை எதனோடு சேர்ப்பது என்று மாடு வளர்ப்பவர் ஒருவர் முடிவு செய்கிறார். அம்முடிவு அவர் அறிந்த சொற்களின் பொருளைப் பற்றிக்கொண்டே அமைகிறது. சொல் மயங்கினால் முடிவும் மயங்கும். கிடாரி சினையாகி, கன்று ஈன்று, அக்கன்று வளர்ந்து தானும் ஈனும் வரை காத்திருந்தே ஒரு முடிவின் பயனை அறிய முடியும். ஆகவே தவறான ஒரு சொல்லுக்கு விலையாகப் பல ஆண்டுகளின் உழைப்பைக் கொடுக்க நேர்கிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுதல் நன்று. இவ்வவையில் மாட்டிறைச்சி உண்போரும் உள்ளனர். சமயத்தாலோ வழக்கத்தாலோ உண்ணாதோரும் உள்ளனர். யார் எதை உண்ண வேண்டும் என்பது இவ்வுரையின் பொருளன்று. பல இனத்தார் வாழும் இந்நாட்டில் இத்தொழில் நடந்துகொண்டிருக்கிறது. அதில் தமிழரும் இருக்கின்றனர். அவர்கள் தம் தொழிலைத் தம் மொழியில் தெளிவாக எண்ண முடிகிறதா என்பதே நம் கவலை.

1. இரண்டு மரபியல்கள்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். இலத்தீனிலும் ஆநிரையைக் குறிக்கும் சொல்லடியிலிருந்தே பணத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஆங்கிலத்தில் கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்னும் சொல்லும் முதலீட்டைக் குறிக்கும் ‘கேப்பிட்டல்’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மாட்டைச் செல்வமாக எண்ணிய மக்கள் அதனை நுணுகிப் பார்த்தனர். நுணுகிப் பார்த்ததற்கேற்பப் பெயரிட்டனர்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். உயிரினங்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை அது வகுத்துரைக்கிறது. மாட்டினத்தில் ஆணுக்கு ஏறு, பெண்ணுக்கு நாகு என்றாற்போல இன்ன உயிருக்கு இன்ன பெயர் வழங்கும் என்னும் மரபைச் சொல்வதால் அது மரபியல் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டில் பண்புகள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதை ஆராயும் அறிவியலுக்குத் தமிழில் பெயர் தேவைப்பட்டபோது, அதே சொல்லைத் தமிழர் எடுத்துக்கொண்டனர். முன்னையது பெயர் வழங்கும் மரபைப் பற்றியது. பின்னையது உடலில் வழங்கும் மரபைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரு சொல்லே அமைந்தது தற்செயலானாலும் நமக்குப் பயன்படுவதே. உடலில் இறங்கும் மரபைப் பற்றித் தெளிவாகப் பேச, பெயரிடும் மரபும் செம்மையாக இருக்க வேண்டும்.

தொழுவத்தில் இன்றும் வழங்கும் சொற்கள் இச்செம்மைக்குச் சான்று. பால்குடி மறவாதது கன்று. இன்னும் ஈனாத இளம்பெண் கிடாரி. இனப்பெருக்கத்துக்கென நிறுத்திய ஆண் பொலிகாளை. காயடித்து உழவுக்கும் வண்டிக்கும் பழக்கியது எருது. இறைச்சிக் கால்நடை ஆய்வுகள் பலவும் காயடித்த ஆண்மாடுகளைக் கொண்டே நடத்தப்பெறுகின்றன. அவ்வாய்வு முடிவுகளைத் தமிழாக்குவோர் ‘காளை’ என்று எழுதிவிடுகின்றனர். வாசிப்பவர் அதனைப் பொலிகாளை என்று கொள்வார். காயடித்த மாடும் காயடிக்காத மாடும் ஒரே தீனியைத் தின்றாலும் வளர்ச்சியிலும் கொழுப்பிலும் வேறுபடும். நம் தொழுவத்தில் இருந்த வேறுபாட்டை நம் எழுத்து அழித்துவிடுகிறது.

பல்லைப் பார்த்து வயதறியும் வழக்கமும் அத்தகையதே. பல் போடாத கன்று, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று சந்தையில் மாடு பிடிப்போர் சொல்வர். பாற்பல் விழுந்து நிலைத்த முன்பல் இணையிணையாக முளைப்பதை வைத்துச் சொல்லப்படும் கணக்கு அது. ஆஸ்திரேலிய இறைச்சித் தரப்பிரிப்பிலும் அறுத்த மாட்டின் நிலைத்த முன்பற்களை எண்ணியே வயதுப் பிரிவு வகுக்கப்படுகிறது. சந்தை வழக்கும் ஆய்வகக் கணக்கும் ஒன்றாக நிற்கும் இடம் இது. இங்கே நமக்குப் புதுச்சொல் தேவையில்லை.

2. உண்ணியிலிருந்து தொடங்கிய பாடம்

வெப்ப நாடுகளின் இறைச்சி மாட்டாராய்ச்சிக்கு அடிப்படை இட்ட நிகழ்ச்சி ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சஸ் முதலிய தென்பகுதிகளிலிருந்து மந்தைகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. அவை சென்ற வழியெல்லாம் வடபகுதி மாடுகள் காய்ச்சல் கண்டு மடிந்தன. ஆனால் ஓட்டி வரப்பட்ட தென்பகுதி மாடுகள் நலமாகவே காணப்பட்டன. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் 1893இல் வெளியிட்ட ஆய்வு, இக்காய்ச்சலுக்குக் குருதியில் வாழும் நுண்ணுயிர் காரணம் என்பதையும், அதனை உண்ணி பரப்புகிறது என்பதையும் நிறுவியது. கணுக்காலி ஒன்று நோய் பரப்புவதைத் தெளிவுற நிறுவிய தொடக்கக்கால ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

உண்ணியும் வெப்பமும் நிறைந்த அந்நிலங்களில் ஐரோப்பிய மாடுகள் நலிந்தன. இந்திய மாடுகளோ தழைத்தன. திமிலும் தொங்குதாடையும் தளர்ந்த தோலும் குறுமயிரும் கொண்டவை அவை. கிர், குசராத், நெல்லூர் முதலிய இந்திய இனங்களின் கலவையிலிருந்து அமெரிக்கர் உருவாக்கிய இனமே பிரம்மன். அதன் வளர்ப்போர் சங்கம் 1924இல் அமைந்தது. இந்தியாவில் அப்பெயரில் ஓர் இனமும் இல்லை என்பதை மொழியியலார் குறித்துக்கொள்ளலாம். பிரேசிலுக்குச் சென்ற ஓங்கோல் மாடுகள், சென்னைக்கு வடக்கே உள்ள நெல்லூரின் பெயரால் ‘நெலோர்’ ஆயின. அந்நாட்டின் பெரும் இறைச்சித் தொழில் இன்று அவ்வினத்தைச் சார்ந்தே நிற்கிறது.

ஆஸ்திரேலிய அறிவியல் ஆய்வு மன்றத்தின் முயற்சியால் 1933இல் அமெரிக்காவிலிருந்து பிரம்மன் மாடுகள் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்குள்ள வளர்ப்போர் பலர் முதலில் அவற்றை விரும்பவில்லை. அவர்கள் கண்ணுக்கு அழகிய மாடு என்பது பிரிட்டனிலிருந்து வந்த ஹெர்ஃபோர்டும் ஷார்ட்ஹார்னுமே. இவ்விடத்தில்தான் நம் உரையின் மையச் சிக்கல் எழுகிறது. நல்ல மாடு என்பது எது?

3. வளர்திறனும் தாங்குதிறனும்

குயின்ஸ்லாந்தின் ராக்ஹாம்ப்டன் நகருக்கு அருகே பெல்மாண்ட் ஆய்வுப் பண்ணை அமைந்திருந்தது. அங்கு ஃபிரிஷ், வெர்க்கோ முதலிய அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். பிரிட்டன் இனமரபு மாடுகளையும் பிரம்மன் மாடுகளையும் உண்ணியும் குடற்புழுவும் வெப்பமும் தாக்காதவாறு காத்து நல்ல தீனி தந்து வளர்த்தபோது, பிரிட்டன் மரபு மாடுகள் விரைந்து வளர்ந்தன. அதே மாடுகளை யாதொரு பாதுகாப்புமின்றி மேய்ச்சல் நிலத்தில் விட்டபோது பிரம்மன் முந்தியது. இடம் மாறியதும் தரவரிசை தலைகீழாயிற்று.

இதனை அவர்கள் எளிய கணக்காக விளக்கினர். மாட்டின் உடலில் இயல்பாக அமைந்த வளரும் ஆற்றல் ஒன்று. சூழலின் தாக்குதல்களால் அவ்வாற்றலிலிருந்து கழிந்துபோவது மற்றொன்று. கழிந்தது போக எஞ்சியதே நாம் தராசில் காணும் வளர்ச்சி. தாக்கத்தைத் தாங்கும் மாட்டில் கழிவு குறைவு. ஆகவே தராசு ஒரே எடையைக் காட்டும் இரண்டு மாடுகள் முற்றிலும் வேறான காரணங்களால் அவ்வெடையை அடைந்திருக்கலாம். இன்னொரு முடிவும் அவர்களுக்குக் கிட்டியது. கடுமையான சூழலில் எடைமிக்க மாடுகளையே தலைமுறை தோறும் தேர்ந்தெடுத்தபோது அந்தத் தலைமுறைகளில் எடை கூடியது. ஆனால் கூடியது பெரிதும் தாங்கும் ஆற்றலாலேயே. வளரும் ஆற்றலால் அன்று. எடையைத் தேடியவர்களுக்கு அவர்கள் அறியாமலே தாங்குதல் கிடைத்தது.

இவ்விரண்டுக்கும் தமிழில் இரண்டு சொல் வேண்டும். வளர்திறன், தாங்குதிறன் என்னும் சொற்களை யாம் பரிந்துரைக்கிறோம். இரண்டும் எளியவை, சொன்ன அளவில் பொருள் விளங்குபவை. இன்று நம் செய்தித்தாள்களிலும் துண்டறிக்கைகளிலும் ‘தரமான இனம்’, ‘உயர்ரகம்’ என்னும் தொடர்களே வழங்குகின்றன. தரம் என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. குளிர்நாட்டில் உயர்ரகமான மாட்டை வாங்கிவந்து, செம்பனைத் தோட்டத்தின் ஈரப் புழுக்கத்தில் விட்டவர், அது மெலிவதைக் கண்டு தம் பராமரிப்பையே குறைகூறுவார். எந்த நிலத்தில் உயர்ரகம் என்று கேட்கும் வழியை அவருக்கு அச்சொல் தரவில்லை.

4. கலப்பு என்னும் ஒரு சொல், மூன்று பொருள்

நம் நாட்டுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவின் தொன்மையான உள்நாட்டு இனம் கெடா-கிளந்தான். உடல் சிறியது, வளர்ச்சி மெதுவானது. ஆயினும் வெப்பத்தைத் தாங்கும். எளிய புல்லில் வாழும். தவறாது கன்று ஈனும். 1969இல் நிறுவப்பட்ட மார்டி எனும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம், இவ்வினத்தைப் பிரம்மனோடு சேர்த்துப் பிராக்மாஸ் என்னும் இனத்தை உருவாக்கியது. ஒன்றின் தாங்குதலையும் கருவளத்தையும் மற்றதன் உடற்பருமனையும் ஒருங்கு பெறுவது அதன் நோக்கம்.

தோட்டப்புறங்களில் சொல் திரட்டிய காலத்தில், ‘கலப்பு மாடு’ என்றால் என்ன என்று மாடு வளர்ப்போர் மூவரை யாம் வினவியதுண்டு. உள்ளூர்ப் பசுவுக்கு வெளிநாட்டுக் காளையால் பிறந்தது என்றார் ஒருவர். கலப்புக் காளைக்கும் கலப்புப் பசுவுக்கும் பிறந்தது என்றார் மற்றொருவர். அரசு கொடுக்கும் புது இனம் என்றார் மூன்றாமவர். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். மரபியல் நோக்கில் அவை மூன்று வெவ்வேறு பொருள்கள்.

ஏன் வேறு என்பதைக் கற்பனையான ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரே வயதில் உள்ளூர் இனம் சராசரி 200 கிலோகிராமும் வெளி இனம் 300 கிலோகிராமும் எடையுள்ளன என்று கொள்வோம். இரண்டுக்கும் இடைப்பட்ட சராசரி 250. இவ்விரண்டையும் சேர்த்துப் பிறந்த முதல் தலைமுறை 270 கிலோகிராம் இருப்பின், எதிர்பார்த்ததைவிட 20 கிலோகிராம் மிகுதி. தொலைவான இரு மரபுகள் கூடுவதால் கிடைக்கும் இம்மிகுதியைக் கலப்பு வீரியம் என்பர். அம்முதல் தலைமுறை மாடுகளையே தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அவ்வீரியத்தில் ஏறத்தாழப் பாதியே எஞ்சும். சராசரி 260 ஆகும். அத்தோடு கன்றுக்குக் கன்று வேறுபாடும் மிகும். ஒன்று தாயைப் போலச் சிறுத்தும் மற்றொன்று தந்தையைப் போலப் பெருத்தும் பிறக்கலாம்.

முதல் தலைமுறைக் கன்று கொழுகொழுவென வளர்வதைக் கண்டவர், அதனையே பொலிகாளையாக நிறுத்துகிறார். அதன் கன்றுகள் அதனைப் போலவே இருக்கும் என்று நம்புகிறார். அவை ஒன்றுபோல் இல்லாதபோது ஏமாற்றம் அடைகிறார். அவர் செய்த தேர்வில் அறிவுக்குறை எதுவும் இல்லை. தகப்பனும் கலப்பு, பிள்ளையும் கலப்பு என்றே அவருக்குச் சொல்லப்பட்டது. ஒரே பெயருடையவை ஒரே தன்மையுடையவை என்று அவர் கொண்டார்.

ஆகவே மூன்று சொற்களை முன்வைக்கிறோம். இரு தூய இனங்கள் கூடிப் பிறந்தது முதற்கலப்பு. முதற்கலப்புகள் தம்முள் கூடிப் பிறந்தது இரண்டாங்கலப்பு. பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய புதிய இனம் கூட்டினம். பிராக்மாஸ் கூட்டினத்துக்குச் சான்று. டெக்சஸின் கிங் பண்ணையில் ஷார்ட்ஹார்னையும் பிரம்மனையும் கொண்டு உருவாகி 1940இல் தனியினமாக ஏற்கப்பட்ட சாந்தா கெர்ட்ருடிஸும் அத்தகையதே. கூட்டினத்தில் முதற்கலப்பின் வீரியம் முழுதும் இராது. ஆனால் ஒரு பங்கு நிலைத்து நிற்கும், கன்றுகளும் ஓரளவு ஒத்திருக்கும்.

இதில் இன்னொரு நலமும் உண்டு. முதற்கலப்பு என்னும் சொல்லைக் கேட்டவர், அதற்குத் தூய உள்ளூர்ப் பசு வேண்டும் என்பதை உடனே உணர்வார். எல்லாப் பசுக்களையும் கலப்பாக்கிவிட்டால் அடுத்த முதற்கலப்புக்கு மூலம் ஏது? கெடா-கிளந்தானைத் தூய நிலையில் காப்பதும் மேம்பாட்டின் ஒரு பகுதியே என்பதைக் கலப்பு என்னும் பொதுச்சொல் மறைக்கிறது. முதற்கலப்பு என்னும் சொல் காட்டுகிறது.

5. எண்ணுக்கும் பெயர் வேண்டும்

இக்கால ஆய்வு காளையைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிடுவதில்லை. அதன் உறவினங்கள் அனைத்தின் எடைப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, அக்காளையின் மரபு மதிப்பை எண்ணாகத் தருகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன் வகுத்த புள்ளியியல் முறையே இதற்கு அடிப்படை. இப்பொழுது மரபணுக் குறிகளையும் அக்கணக்கில் சேர்க்கின்றனர்.

இங்கே மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஆஸ்திரேலியர் காளையின் முழு மரபு மதிப்பை வெளியிடுகின்றனர். அமெரிக்கரோ அக்காளையால் அதன் கன்றுக்குச் சேரக்கூடியதை வெளியிடுகின்றனர். கன்று தந்தையிடமிருந்து பாதி மரபையே பெறுகிறது. ஆதலால் இரண்டாம் எண் முதல் எண்ணில் பாதி. ஆஸ்திரேலிய முறையில் 20 கிலோகிராம் என்று குறிக்கப்படும் ஆற்றல் அமெரிக்க முறையில் 10 கிலோகிராம். இரண்டையும் ‘மரபு மதிப்பு’ என்று எழுதினால், விந்துக்குழல் வாங்கும் தமிழர் ஒருவர் இரு நாட்டுப் பட்டியல்களையும் அருகருகே வைத்து அமெரிக்கக் காளையைத் தாழ்ந்தது என்று ஒதுக்கிவிடுவார். முன்னதை மரபு மதிப்பு என்றும், பின்னதைக் கன்றுக்குச் சேரும் மதிப்பு என்றும் எழுதலாம். பின்னது நீண்ட தொடரே. ஆயினும் தவறு செய்ய இடந்தராத தொடர்.

மாடுகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் மரபால் வருவது எவ்வளவு என்பதைக் காட்டும் அளவும் ஒன்றுண்டு. அதனை மரபுப்பங்கு எனலாம். வளர்ச்சிக்கு இது பொதுவாக 0.3 முதல் 0.5 வரை அமைகிறது. சினைப்படும் திறனுக்கு 0.1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ அமைகிறது. இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது. எடையைத் தேர்வால் உயர்த்தலாம். சினைப்படாமையைத் தீர்க்கப் பெரும்பாலும் தீனியையும் பராமரிப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும். மரபுப்பங்கு 0.4 என்றால் ஒரு மாட்டின் எடையில் நூற்றுக்கு நாற்பது மரபால் வந்தது என்று பொருள்கொள்ளக் கூடாது. ஒரு மந்தையில் மாட்டுக்கு மாடு உள்ள வேறுபாட்டைப் பற்றியே அவ்வெண் பேசுகிறது. இவ்விளக்கத்தை அகராதியில் சொல்லோடு சேர்த்தே அச்சிட வேண்டும்.

6. மேம்பாடு என்பதன் விலை

மேம்பாடு என்னும் சொல்லையும் சற்றே ஆராய்வோம். பெல்ஜியத்தின் நீல மாட்டினம் தசைமிகுதிக்கு உலகறிந்தது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் என்னும் மரபணுவில் பதினோரு எழுத்துகள் விடுபட்டிருப்பதே இதற்குக் காரணம் என்று 1997இல் கண்டறியப்பட்டது. இதனை ‘இரட்டைத் தசை’ என்று ஆங்கிலவழியில் தமிழாக்குவது பொருந்தாது. தசைகள் இரட்டிப்பதில்லை, தசைநார்களின் எண்ணிக்கையே மிகுகிறது. தசைமிகை என்பது போதும். அறுத்தபின் கிடைக்கும் இறைச்சி அளவை மட்டும் பார்த்தால் இது பெரும் மேம்பாடு. ஆனால் அவ்வினத்தின் கன்றுகள் பெரும்பாலும் தாயின் வயிற்றைக் கீறியே எடுக்கப்படுகின்றன. கால்நடை மருத்துவர் அழைத்தவுடன் வந்து சேரும் நாட்டில் இவ்வினம் வாழலாம். மருத்துவர் வர நெடுநேரமாகும் தோட்டத்தில் தாயும் கன்றும் மடியும்.

ஆகவே மேம்பாடு என்று எழுதும்போதெல்லாம் எதில் மேம்பாடு, எங்கே மேம்பாடு என்று சேர்த்து எழுதும் வழக்கத்தை நாம் பழக்க வேண்டும். எடையில் மேம்பட்ட இனம், ஈற்று எளிமையில் மேம்பட்ட இனம், உண்ணி தாங்குவதில் மேம்பட்ட இனம் என்று வேற்றுமை உருபு ஒன்றைச் சேர்த்தால் போதும். இதற்குப் புதுச்சொல் எதுவும் தேவையில்லை.

7. தீனியும் தெரிந்த சொற்களும்

இனத்தைப் போலவே தீனியும் ஆய்வுக்குரியது. நம் சாலையோரங்களில் வளரும் ஒரு மரத்தை மலாய்மொழியில் பெத்தாய் பெலாலாங் என்பர். தமிழகத்தில் சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் வழங்குவர். அதன் தழை புரதம் மிகுந்தது. ஆயினும் அதில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. ஆஸ்திரேலிய மாடுகள் அதனை மிகுதியாக உண்டபோது மயிர் உதிர்ந்து, தைராய்டுச் சுரப்பி வீங்கி நலிந்தன. ஹவாயி ஆடுகளோ அதனையே உண்டு நலமாயிருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். ஹவாயி ஆடுகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர் அந்நஞ்சைச் சிதைக்கிறது என்பது தெளிவாயிற்று. அந்நுண்ணுயிரை ஆஸ்திரேலிய மாடுகளின் இரைப்பைக்குள் செலுத்தியபோது அவையும் தழையைத் தாங்கின. பின்னர் அதற்கு அவ்வறிஞரின் பெயரே சூட்டப்பட்டது. குயின்ஸ்லாந்தில் இன்று இத்தழை இறைச்சி மாடுகளின் மேய்ச்சல் நிலங்களில் வரிசை வரிசையாக நடப்படுகிறது.

இவ்வாய்வைத் தமிழில் சொல்ல நமக்கு என்ன குறை? தழை, நஞ்சு, அசைபோடுதல், இரைப்பை எல்லாம் நம்மிடம் உள்ளவை. நம் ஆலைகளில் செம்பனை விதையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் சக்கை மாட்டுத் தீனியாகிறது. அதற்கும் நம் முன்னோர் எள்ளுக்கும் கடலைக்கும் வழங்கிய பிண்ணாக்கு என்னும் சொல்லே முற்றும் பொருந்தும். செயற்கைமுறைக் கருவூட்டல் என்று அறிக்கைகளில் எழுதுவதைத் தமிழக உழவர் சினை ஊசி என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டனர். சொல்லாக்கக் குழுவினர் தாள்களை விரிக்கும் முன் தொழுவத்துக்குச் சென்று கேட்பது நலம்.

8. நாம் செய்யக்கூடியது

இந்நாட்டில் கால்நடைத் துறையின் வழிகாட்டிகள் மலாயில் கிடைக்கின்றன. தமிழரும் அதனைப் படிக்கவல்லவர். பின் தமிழில் எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானது. படிப்பது ஒன்று; வீட்டில் கலந்து பேசி முடிவெடுப்பது மற்றொன்று. காளையை விற்பதா வைத்திருப்பதா என்னும் பேச்சு, கணவன் மனைவிக்கும் தந்தை மகனுக்கும் இடையே தமிழில்தான் நடக்கிறது. அப்பேச்சில் கலப்பு, தரம், உயர்ரகம் என்னும் மூன்று சொற்களே புழங்கினால், படித்த வழிகாட்டி வாசலோடு நின்றுவிடும்.

நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது மாடுகளையும் கொண்டுவந்தனர். அவற்றின் வழித்தோன்றல்களை இந்நாட்டு ஆய்வாளர் உள்ளூர் இந்தியக் கறவையினம் என்றே பதிந்துள்ளனர். மாட்டோடு சொற்களும் கப்பலேறி வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்குப் பெயர்ந்தபின் தொழுவங்கள் குறைந்தன. கிடாரி, பொலிகாளை, ஈற்று என்னும் சொற்களை அறியாத இளையோர் பெருகினர். எஞ்சியுள்ள வளர்ப்போரிடமிருந்து அவற்றைத் திரட்டுவதற்குக் காலம் குறைவே.

ஆதலின் இம்மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நூறு சொற்களுக்கு மேற்படாத கால்நடைச் சொற்பட்டியல் ஒன்று வெளிவர வேண்டும். அதில் தொழுவ வழக்கு இருக்கும் இடத்தில் அதுவே முதற்சொல்லாக நிற்க வேண்டும். இரண்டாவது, புதிதாக ஆக்கும் ஒவ்வொரு சொல்லையும் மாடு வளர்ப்போர் சிலரிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் அதனை எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பதைக் கேட்டபின்பே அச்சிட வேண்டும். மூன்றாவது, அப்பட்டியலை ஆக்கும் குழுவில் தமிழறிஞரோடு கால்நடை மருத்துவர் ஒருவரும் மாடு வளர்ப்பவர் ஒருவரும் அமர வேண்டும். பிரம்மன், நெலோர், பிராக்மாஸ் போன்ற இனப்பெயர்களைத் தமிழாக்க முயல வேண்டா. அவை அவ்வாறே நிற்கட்டும்.

இன்று பரிந்துரைத்த வளர்திறன், தாங்குதிறன், முதற்கலப்பு, இரண்டாங்கலப்பு, கூட்டினம், மரபுப்பங்கு ஆகிய ஆறு சொற்களையும் இவ்விரண்டாம் வேண்டுகோளுக்கு உட்படுத்தவே விரும்புகிறோம். இவ்வவையில் மாடு வளர்ப்போர் சிலரும் அமர்ந்திருக்கிறீர்கள். உரை முடிந்தபின் எம்மிடம் வந்து, இச்சொற்களுள் எவை உங்கள் வாயில் புரள்கின்றன, எவை இடறுகின்றன என்று சொல்வீர்களாயின், பட்டியலின் முதற்பக்கம் இன்றே தொடங்கிவிடும்.